காலை ஆறு மணிப் படுக்கை நிலவரம்

நோயைத் தீர்க்க மனித குலம் இதுவரை மூன்று வழிகளைத்தான் கண்டுபிடித்திருந்தது: மருந்து, கத்தி, பிரார்த்தனை. நான்காவது வழியைக் கண்டுபிடித்த பெருமை 'படைத்துறை மருத்துவ வசதிகள் சீரமைப்பு உயர்நிலைக் குழு'வையே சேரும். அந்த வழி, மருத்துவமனையை மூடிவிடுவது. இதன் தத்துவம் மிக எளிமையானது. நோயாளிகள் எங்கே இருக்கிறார்கள்? மருத்துவமனையில். மருத்துவமனை இல்லாத இடத்தில் உள்நோயாளி இருந்ததாக எந்தப் புள்ளிவிவரமும் இதுவரை சொன்னதில்லை. அப்படியென்றால் நோயின் வேர் எங்கே இருக்கிறது என்று சொல்ல வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. குழுவில் ஒருவர்கூட வைத்தியம் படித்தவர் இல்லை என்பதையும் இங்கே பாராட்டுடன் பதிவு செய்யவேண்டும்.

அந்தக் குழுவின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் படைமுகாம் மருத்துவமனையின் பதிவு அறைக்கு வந்து சேர்ந்தது. பிரித்துப் படித்தவர் எழுத்தர்.

எழுத்தரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சீருடை இல்லாத ஊழியர். இருபத்திரண்டு வருடமாக அதே அறை, அதே மேசை. ஒவ்வொரு வார்டிலும் காலை ஆறு மணிக்கு எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது என்று, கார்ப்பரல் என்கிற சிறு பதவிப் படைவீரர் எண்ணி எழுதிய சீட்டு ஒன்பது மணிக்கு அவர் மேசைக்கு வரும். அந்தச் சீட்டுக்குப் 'படுக்கை நிலவரம்' என்று பெயர். அவர் அதைப் பெரிய தாளில் ஏற்றுவார். வார்டு வாரியாகக் குறுக்கே கூட்டுவார், நாள் வாரியாக நெடுக்கே கூட்டுவார். இரண்டு கூட்டலும் வலது கீழ் மூலைக் கட்டத்தில் சந்தித்து ஒரே எண்ணாக உட்காரும்போது அவர் முகத்தில் ஒரு நிறைவு வரும் பாருங்கள், கல்யாணத்தன்றுகூட அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று அவர் மனைவி சொல்லுவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கூட்டல் பிழை கிடையாது.

குழுவும் அதைத்தான் மெச்சியிருந்தது. 'தங்கள் மருத்துவமனையின் பிழையற்ற பதிவுகளின்படி, உள்ள படுக்கைகள் நூற்றிருபது. நாளொன்றுக்குச் சராசரியாக ஆள் உள்ள படுக்கைகள் ஏழு. எனவே மருத்துவமனையை மூட உத்தேசிக்கப்படுகிறது. இறுதி எண்ணிக்கை எடுக்கக் குழு வரும் பதினெட்டாம் தேதி வருகை தரும்.'

'பிழையற்ற' என்ற சொல்லை எழுத்தர் இரண்டு முறை படித்தார். முதல் முறை காது வரை வாய் விரிந்தது. இரண்டாவது முறை படிக்கும்போது, அடுத்த வரிகளும் கண்ணில் பட்டுவிட்டன. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்கு நடந்தார். அங்கேதான் 'மெஷின் ரூம்' இருந்தது. அங்கேதான் அவர் மனைவியும் இருந்தாள்.

மெஷின் ரூம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எழுத்தர் ஏன் நேராக அங்கே போனார் என்று புரியும். சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டவர்களுக்கு ரத்தத்தில் சேரும் கழிவை வெளியே யாராவது எடுத்தாக வேண்டும். மெஷின் அதைச் செய்கிறது. ஒரு குழாயில் ரத்தம் வெளியே வரும், வடிகட்டி வழியாகப் போகும், இன்னொரு குழாயில் உடம்புக்குத் திரும்பும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று தடவை. இங்கே நான்கு மெஷின்கள். ஒரு மெஷினுக்கு ஒரு நாளில் இரண்டு பேர், வாரத்தில் ஆறு நாள். பெருக்கினால் நாற்பத்தெட்டு தடவை. அதை மூன்றால் வகுத்தால் பதினாறு பேர். சரியாகப் பதினாறு பேர்தான் இருந்தார்கள். ஐந்து பேர் படையைச் சேர்ந்தவர்கள். பதினொரு பேர் முகாமைச் சுற்றி வளர்ந்த ஊர்க்காரர்கள். ஊருக்கு வேறு ஆஸ்பத்திரி கிடையாது என்பதால் அந்தக் காலத்திலிருந்தே முகாம் மருத்துவமனை எல்லோரையும் பார்த்து வந்தது. அடுத்த மெஷின் தலைநகரில் இருந்தது. பஸ்ஸில் ஒன்பது மணி நேரம்.

மனைவி சாய்வு நாற்காலியில் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குழாயில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, இந்த நேரத்துல? வயித்து வலியா?"

"ஆஸ்பத்திரியை மூடப் போறாங்களாம்."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

அவள் கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பினாள். "நீங்களா?"

"என் நம்பரு சொல்லுது. தினம் சராசரி ஏழு பேருதான் இருக்காங்களாம்."

"ஏழா? வராந்தாவுல பாத்ரூமுக்கு வரிசையில நிக்கறவங்களே ஏழுக்கு மேல இருப்பாங்களே. உங்க நம்பருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?"

"எனக்குச் சீட்டு வருது. சீட்டுல இருக்கறதைக் கூட்டறேன்."

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாளாவது போய் எண்ணிப் பாத்தீங்களா?"

"எண்ணறது கார்ப்பரல் வேலைம்மா. கூட்டறதுதான் என் வேலை."

"ரொம்ப நல்லாக் கூட்டினீங்க. என்னையும் சேத்துப் பெருக்கித் தள்ளிட்டீங்க."

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு எழுத்தர் முதல் முறையாக வார்டுக்குள் நுழைந்தார். அங்கே அவர் கண்ட காட்சியை விளக்க இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் மகத்தான விதிகள்.

முதலாவது, வார்டு ஒழுங்கு விதி. 'காலை ஆறு மணிக்கு, எழுந்து நிற்கக்கூடிய நோயாளிகள் அனைவரும் படுக்கையைச் சீர்செய்து, அதன் வலப்பக்கம் விறைப்பாக நிற்க வேண்டும்.' போர்வையை நீளவாக்கில் மூன்றாக, பிறகு அகலவாக்கில் நான்காக மடித்து, மடிப்பு கதவைப் பார்க்கும்படி கால்மாட்டில் வைக்க வேண்டும். விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் மேட்ரன் அதை உருவி எறிந்துவிட்டு மறுபடி விரிக்கச் சொல்லுவார். மேட்ரன் என்றால் தலைமை நர்ஸ். குரல் எடுத்தால் மூன்று வார்டுக்குக் கேட்கும். படுக்கை ஒழுங்காக இருந்தால் உடம்பும் ஒழுங்காகும் என்பது படை மருத்துவத்தின் அடிப்படை. ஊர்க்காரர்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. குடலிறக்கத்துக்கு வந்த கடைக்காரர் முதல் குழந்தை பெற வந்த தையல்காரம்மா வரை, நான்காம் நாளே போர்வையைச் செங்கல் மாதிரி மடிக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

இரண்டாவது, பதிவு விதி. 'காலை ஆறு மணிக்கு, முதுகு மெத்தையில் படிந்திருப்பவரை மட்டுமே எண்ண வேண்டும்.' இதற்கும் காரணம் உண்டு. எப்போதோ ஒரு கார்ப்பரல், நோயாளிகளோடு சேர்த்து அவர்களைப் பார்க்க வந்த மச்சான்களையும் எண்ணிவிட்டார். இரண்டு பேருக்கு எனிமா கொடுத்த பிறகுதான் அவர்கள் விருந்தாளிகள் என்று தெரிந்தது. அப்போது இருந்த அதிகாரி கோபத்தில் எழுதிய விதி இது.

தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் அப்பழுக்கற்ற விதிகள். ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாமல், ஒரே கட்டடத்தில், ஒரே நிமிடத்தில், நாற்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

மணி ஆறு. வார்டு முழுக்க நோயாளிகள் விறைத்து நின்றார்கள். கார்ப்பரல் கையில் சீட்டோடு, நின்றவர்களை ஏறெடுத்தும் பார்க்காமல் படுக்கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தார். "காலி. காலி. காலி. காலி. ஒண்ணு. காலி."

எழுத்தர் அவரை நிறுத்தினார். எதிரே பஸ் டிரைவர் ஒருவர், வலது கையில் மாவுக்கட்டு, இடது கையில் சலைன் பாட்டில் தொங்கும் கம்பி, முதுகு நேராக நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்பா கார்ப்பரல், இவரை ஏன் எண்ணலை?"

"நிக்கறாரு சார்."

"நோயாளிதானே?"

"நோயாளிதான் சார். ஆனா நிக்கறாரே."

"நிக்கலைன்னா என்ன ஆகும்?"

"மேட்ரன் கொன்னுடுவாங்க சார்."

டிரைவர் தலையைத் திருப்பாமல் உதட்டோரமாகப் பேசினார். "கொன்னாங்கன்னா படுத்துடுவேன் அண்ணே. அப்ப நம்மளையும் எண்ணிடுவாங்க."

எழுத்தர் தானே எண்ணினார். நிற்பவர்கள் தொண்ணூற்றேழு. படுத்திருப்பவர்கள் ஏழு. மொத்தம் நூற்று நான்கு. மெஷின் ரூமின் பதினாறு பேர் இதில் சேரவே மாட்டார்கள். அவர்கள் ஏழு மணிக்கு மேல்தான் வருவார்கள், அதுவும் நாற்காலியில் உட்காருவார்கள். நாற்காலி, படுக்கை ஆகாது.

சீட்டைக் கொண்டுபோய்க் கர்னல் டாக்டரின் மேசையில் வைத்தார். கர்னல் டாக்டர்தான் மருத்துவமனைக்குத் தலைவர். வெடித்துச் சிதறிய காலைக்கூட அசராமல் தைத்துவிடுவார். காகிதம் என்றால் மட்டும் கை நடுங்கும்.

"நாற்பது வருஷமா நிக்கறவங்களை விட்டுட்டு எண்ணியிருக்கோம் சார்."

கர்னல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை வெளியில சொன்னா என்ன ஆகும் தெரியுமா? நாற்பது வருஷ அறிக்கையும் தப்புன்னு விசாரணை வரும். விசாரணை முடியற வரைக்கும் ஆஸ்பத்திரியைப் பூட்டி வைப்பாங்க."

"எண்ணற நேரத்தை ஆறே காலுன்னு மாத்திட்டாப் போதுமே சார்."

"மாத்தலாம். அதுக்குப் படிவம் இருக்கு. அதுல கையெழுத்துப் போட வேண்டியது யாரு?"

"யாரு சார்?"

"சீரமைப்புக் குழு. நேத்து வேற ஒரு விதியை மாத்தக் கேட்டுப் பாத்தேன். மூடப் போற ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் புது விதின்னு கேக்கறாங்க." அவர் பெருமூச்சு விட்டார். "அவங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மேட்ரன் உள்ளே வந்தார். "பதினெட்டாம் தேதி ஒரு நாள் எல்லாரும் படுத்திருந்தாப் போதும் இல்லையா? நான் படுக்க வைக்கிறேன்."

"அது வார்டு விதிக்கு விரோதம்," என்றார் கர்னல் டாக்டர்.

"நீங்க ஜன்னல் பக்கம் திரும்பிக்குங்க சார்."

கர்னல் டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். படைத்துறை வரலாற்றில் மிகத் துணிச்சலான முடிவுகள் பல இப்படித்தான் எடுக்கப்பட்டிருக்கின்றன.

'படுத்திருக்கும் பயிற்சி' மறுநாளே தொடங்கியது. நோயாளியைப் படுக்க வைப்பது எளிது என்று நினைப்பவர்கள் படை மருத்துவமனையைப் பார்த்ததில்லை. முதல் நாள் காலை சரியாக ஆறு மணிக்கு மேட்ரன் வார்டு நடுவில் நின்று கத்தினார். "எல்லாரும் அப்படியே படுங்க!"

தொண்ணூற்றேழு பேரும் துள்ளி எழுந்து நின்றார்கள்.

"படுங்கன்னுதானே சொன்னேன்?"

"கட்டளை போட்டா எழுந்து நின்னுதானே கேக்கணும் அம்மா?" என்றார் காலில் எடை கட்டித் தொங்கவிடப்பட்டிருந்த சார்ஜென்ட். அவர் மட்டும் எழ முடியாமல் படுத்தபடியே விறைத்திருந்தார். தினமும் எண்ணப்படும் ஏழு பேரில் அவர் ஒருவர். அதில் அவருக்குக் கொஞ்சம் அவமானம் உண்டு.

இரண்டாம் நாள் மேட்ரன் வாயைத் திறக்காமல் கையால் சைகை காட்டினார். அறுபது பேர் படுத்தார்கள். மற்றவர்கள் சைகைக்குப் பதில் சல்யூட் அடித்தார்கள். மூன்றாம் நாள் மேட்ரன் வார்டு பக்கமே வரவில்லை. மணி ஆறானது. நூற்று நான்கு பேரும் போர்வைக்குள் கிடந்தார்கள். பத்து நிமிடம் கழித்து ஓர் இளம் சிப்பாய் மட்டும் விசும்பி அழும் சத்தம் கேட்டது. ஆறு மணிக்குப் படுத்திருந்ததற்காகத் தனக்கு ஏதாவது தண்டனை கொடுக்கும்படி அவன் கெஞ்சினான். பஸ் டிரைவர் அவனுக்குத் தன் மாவுக்கட்டைப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பைத் 'தண்டனை'யாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

எழுத்தர் அன்று மாலை மனைவியிடம் சொன்னார். "நூத்தி நாலும் படுத்துச்சும்மா."

"ஜெயிச்சுடுவோமா?"

"நம்பர்னு ஒண்ணு சரியா இருந்தாப் போதும். மத்ததைத் தாளே பாத்துக்கும்."

பதினெட்டாம் தேதி ஐந்து ஐம்பத்தைந்துக்குக் குழுவின் உறுப்பினர்கள் வந்து இறங்கினார்கள். எண்ணும் வேலை 'நிபுணர்' கையில். அவர் ஓர் ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவர். முன்பு பல்பொருள் அங்காடிகளை மூடுவதில் பெயர் எடுத்திருந்தார். குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற ஜெனரல், காலைச் சிற்றுண்டி முடித்துவிட்டு எட்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு.

நிபுணர் தட்டுக்கணினியைத் தட்டிக்கொண்டே நடந்தார். பின்னால் எழுத்தர். முதல் வார்டு, முப்பத்தைந்து. இரண்டாம் வார்டு, முப்பத்து மூன்று. மொத்தம் அறுபத்தெட்டு. எழுத்தரின் உதடுகள் தாமாகவே கூட்டிக்கொண்டு வந்தன. நிபுணரின் புருவம் ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு நூலளவு உயர்ந்தது. மூன்றாம் வார்டில் பத்துப் படுக்கைகள் ஆயின. எழுபத்தெட்டு.

அப்போது வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தலைவருக்குச் சிற்றுண்டி பிடிக்கவில்லை, சீக்கிரமே புறப்பட்டுவிட்டார். மார்பில் பதக்கங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ள, வார்டு வாசலில் நின்று, முப்பத்தெட்டு வருடப் படைச் சேவையின் முழுக் குரலில் சொன்னார்:

"காலை வணக்கம், வீரர்களே!"

அந்தக் குரல் மூன்று வார்டுகளுக்கும் கேட்டது. மூன்று வார்டுகளும் எழுந்தன. போர்வைகள் பறந்தன. கடைக்காரர் தையலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் டிரைவர் மாவுக்கட்டுக் கையால் சல்யூட் அடித்ததில் சலைன் கம்பி சாய்ந்தது. சார்ஜென்ட்தான் எல்லோரையும் விஞ்சினார். தொங்கிய எடையைக் கட்டிலோடு இழுத்துக்கொண்டு, நல்ல கால் ஒன்றில் நின்றுவிட்டார். வழக்கமாக எழ முடியாத ஏழு பேரில் மூன்று வாரம் மருந்தால் எழுப்ப முடியாத மூன்று பேரைத் தலைவர் மூன்று சொல்லில் எழுப்பிவிட்டார்.

"குழுத் தலைவர் வந்துட்டாரு," என்றார் நிபுணர். "அவர் முன்னிலையில எடுக்கற கணக்குதான் செல்லும். முதல்லேருந்து எண்ணணும்."

எண்ணினார். முதுகு மெத்தையில் படிந்திருந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேருக்கு நினைவில்லை. நான்காமவருக்குக் காது கேட்காது. தையல்காரம்மா எந்த ஜெனரலுக்கும் எழுவதாக இல்லை, ஆனால் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் முதுகு படியாது.

தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன. "எத்தனையோ ஆஸ்பத்திரி பாத்திருக்கேன். இவ்வளவு ஆரோக்கியமான நோயாளிகளை எங்கேயும் பாத்ததில்லை. எங்க குழுவுல இருக்கறவங்களே இப்படி நிக்க மாட்டாங்க."

எழுத்தர் ஓரடி முன்னால் வந்தார். "சார், இவங்க எல்லாருமே நோயாளிங்க சார்."

"அப்புறம் ஏன் நிக்கறாங்க?"

"நீங்க வந்ததால சார்."

"பாத்தீங்களா!" தலைவர் நிபுணரின் தோளைத் தட்டினார். "நான் வந்தாலே குணமாயிடறாங்க. இதுக்கு எதுக்கு நூத்திருபது கட்டில்?"

"அதோட ஒரு ரூம் இருக்கு சார். பதினாறு பேரு. நின்னாலும் படுத்தாலும் அந்த மெஷின் இல்லாம உயிரோட இருக்க முடியாது. ஒரு தடவை வந்து பாத்துடுங்க சார்."

தலைவர் பெருந்தன்மையோடு வந்தார். மணி ஏழேகால். நான்கு நாற்காலிகளில் நான்கு பேர். எழுத்தரின் மனைவி முதல் நாற்காலியில்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"இந்த மெஷின் இருக்கற வரைக்கும் நல்லா இருக்கேங்க."

"நல்லா இருக்காங்க," என்றார் தலைவர். நிபுணர் அதைக் குறித்துக்கொண்டார்.

"இதை எடுத்துட்டா நாங்க எங்க போறது?"

"தலைநகர்ல இதே மாதிரி நாற்பது மெஷின் இருக்கும்மா. எல்லாமே புதுசு. தாராளமா அங்க போகலாம்."

"போக ஒன்பது மணி நேரம், வர ஒன்பது மணி நேரம். மெஷின்ல நாலு. ஆக இருபத்திரண்டு. வாரத்துக்கு மூணு தடவை. நான் எங்க வீட்டுக்காரர் மாதிரி கணக்குல புலி இல்லை. ஆனா பாக்கப் போனா, பஸ்ஸிலேயே குடியிருந்துக்கிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு வரணும் போலிருக்கே."

"பயணம் மனசுக்கு நல்லது," என்றார் தலைவர். "நிபுணரே, இங்க எத்தனை படுக்கை?"

"ஒண்ணும் இல்லை சார். நாலு நாற்காலி."

"நாற்காலியை இடம் மாத்தறதுல ஒரு கஷ்டமும் இல்லை," என்றார் தலைவர். எழுத்தர் பக்கம் திரும்பிக் கனிவோடு சேர்த்துக்கொண்டார்: "உங்க தாள்களைப் பாத்திருக்கேன். முத்து முத்தா இருக்கு. இறுதி அறிக்கையை நீங்களே தட்டச்சுப் பண்ணிக் கொண்டுவாங்க."

இப்படியாக, மூடும் அறிக்கையை எழுதும் பேறு எழுத்தருக்கே கிட்டியது. நிபுணர் எழுதிக் கொடுத்த குறிப்புகளை மாலை வீட்டுக்கு எடுத்து வந்து மேசையில் பரப்பினார். அறிக்கையில் இருபது முடிவுகள். ஒவ்வொரு முடிவுக்கு எதிரேயும் ஒரு கட்டம்: 'நடைமுறைக்கு வரும் நாள்'. அதை மட்டும் எழுத்தர் நிரப்ப வேண்டும். படுக்கைகள் அகற்றப்படும், முதல் நாள். மெஷின்கள் தலைநகருக்கு அனுப்பப்படும், இரண்டாம் நாள். பெயர்ப்பலகை கழற்றப்படும், மூன்றாம் நாள். பதினான்காவது முடிவுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது.

மனைவி பின்னால் நின்று எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். "'இம்மருத்துவமனையை நம்பி வாழ்வோர் எவரும் இல்லை.' அப்படியா? நாங்க பதினாறு பேரு யாருங்க?"

எழுத்தர் எதிரே இருந்த காலிக் கட்டத்தை விரலால் தொட்டார்.

"இந்தக் கட்டத்துல என்ன எழுதணும்?"

"எந்த நாள்லேருந்து இது உண்மைன்னு எழுதணும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப உண்மையான நாளை எழுதுங்க. தப்பா எண்ணினது போதும். டாக்டர்கிட்ட கேட்டுட்டு சரியா எழுதுங்க."

கர்னல் டாக்டரிடம் கேட்டார். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். மெஷின் நின்றால், சிறுநீரகம் முழுக்கக் கெட்டுப்போனவர்களுக்கு ஒரு வாரம். மற்றவர்களுக்குப் பத்து நாள். ஒரே ஒருவருக்குச் சிறுநீரகம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அவர் பதினேழு நாள் வரை தாங்கலாம்.

"அந்த ஒருத்தர் யாருங்க?" என்று கேட்டாள் மனைவி, எழுத்தர் வீடு திரும்பி அதைச் சொன்னதும்.

எழுத்தர் பேனாவை மூடித் திறந்தார்.

"நானா?" அவள் சிரித்தாள். "பரவாயில்லையே. எதுலயாவது நான் கடைசி வரைக்கும் நிக்கறேனே. எழுதுங்க."

எழுத்தர் கட்டத்தில் எழுதினார்: 'மூடிய நாளிலிருந்து பதினேழாம் நாள்.'

தலைவர் முகாம் விருந்தினர் விடுதியில் அறிக்கையைப் பொறுமையாக, வரி விடாமல் படித்தார். குழு எதையும் படிக்காமல் கையெழுத்திடும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பதினான்காவது முடிவில் அவர் விரல் நின்றது.

"இது என்ன, பதினேழாம் நாள்? மத்ததெல்லாம் மூணு நாள்ல முடியுதே."

"அதுக்கு முன்னாடி அந்த வரி பொய் சார்," என்றார் எழுத்தர். வார்த்தை ஒன்றுகூடப் பிசகவில்லை. "மெஷின் போன பிறகு பதினாறு பேரும் ஒவ்வொருத்தரா செத்துப்போவாங்க. ஏழாம் நாள்லேருந்து ஆரம்பிக்கும். பதினஞ்சு பேரு பத்தாம் நாளுக்குள்ள போயிடுவாங்க. கடைசி ஆள் போறது பதினேழாம் நாள். அன்னிலேருந்துதான் இந்த ஆஸ்பத்திரியை நம்பி யாரும் இல்லைன்னு சொல்ல முடியும். கடைசி ஆள் என் சம்சாரம் சார்."

தலைவர் எழுத்தரின் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், நிபுணரைப் பார்த்தார்.

நிபுணர் குனிந்து மெல்லச் சொன்னார். "பதினேழுன்னா அடுத்த காலாண்டுல போய் விழுந்துடும் சார். பத்துன்னா இந்தக் காலாண்டுலயே கணக்கை முடிச்சுடலாம்."

குழுவுக்கு இரக்கம் இல்லை என்று இனிமேல் யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேசக் கூடாது. தலைவர் நினைத்திருந்தால் அந்தக் கட்டத்தில் 'உடனடியாக' என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பேனாவை எடுத்தார், 'பதினேழாம்' என்பதை அடித்தார், மேலே 'பத்தாம்' என்று தம் கைப்பட எழுதினார், ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார். பிறகு எழுந்து வந்து, எழுத்தரின் தோளில் கை வைத்து, ஒரு தகப்பனின் கனிவோடு சொன்னார்:

"பத்து நாள் தந்திருக்கேன். வீட்டுல சொல்லி, அதுக்குள்ள முடிச்சுக்கச் சொல்லுங்க."